அச்சமும் அதன் மருந்தும்

மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியனார். அவ்வச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் வரையறுத்தார். வருத்தும் தெய்வம், கொடுவிலங்கு, கள்வர், தம்மை ஆள்வோர் என்பன அவை. சென்ற பருவத்தில் எங்கள் ஆசிரியர் மெய்ப்பாட்டியலைப் பாடஞ்சொல்லி வந்தபோது, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த தோழர் ஒருவர் எழுந்து, "ஐயா, விளக்கணைந்த அறையில் தனித்திருக்கச் சிலர் அஞ்சுகின்றனரே, அவ்வச்சம் இந்நான்கனுள் எதன்பாற்படும்?" என்று வினவினார். வகுப்பு முழுதும் நகைத்தது. ஆசிரியர் நகைத்திலர். சிறிது நேரம் சன்னல் வழியே புறத்தே நோக்கியிருந்து, "இருளில் நான்கும் மறைந்திருக்கக்கூடும்; எது மறைந்திருக்கிறதென்பதை அஞ்சுகின்றவரைத்தான் கேட்டறிய வேண்டும்" என்று கூறி, மேலே பாடத்தைத் தொடர்ந்தார்.

நகைத்தவருள் யானும் ஒருவன். அந்நகை எத்துணைப் பேதைமையுடையது என்பதை யான் உணர்ந்தது அவ்வார இறுதியில், விடுதி நண்பர் சிலருடன் 'கேம் ஓவர்' என்னும் திரைப்படத்தைக் கண்டபோதாகும். அப்படத்தைப் பற்றியும், அது என்னுள்ளத்தே எழுப்பிய எண்ணங்களைப் பற்றியும் சில சொல்ல விரும்புகின்றேன். கல்லூரி மலரில் திரைப்படத்திற்கு என்ன வேலையென்று பெரியோர் கேளாதிருப்பாராக. நாடகத்தையும் முத்தமிழுள் ஒன்றாக வைத்த மொழி நம்முடையது.

'கேம் ஓவர்' 2019ஆம் ஆண்டு சூன் திங்களில் தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்தது. இதற்குமுன் 2015இல் 'மாயா' என்னும் படத்தை இயற்றிய அசுவின் சரவணன் இதன் இயக்குநர். ஆட்டம் முடிந்தது என்பது இப்பெயரின் பொருள். தலைவியாகிய சுவப்னா கணினி விளையாட்டுகளை வடிவமைக்கும் தொழிலுடையவள். டாப்சி பன்னு என்னும் நடிகையார் இவ்வேடம் தாங்கினார். பெரியதொரு மனையில் இவளும், இவளுக்குத் துணையாகக் கலாம்மா என்னும் பணிப்பெண்ணும் மட்டுமே வாழ்கின்றனர். வினோதினி வைத்தியநாதன் கலாம்மாவாக நடித்தார். முந்தைய ஆண்டின் இறுதியிரவில் கயவர் சிலரால் சுவப்னாவுக்குக் கொடுமையொன்று நிகழ்ந்தது. அன்றுமுதல் இருள் என்றால் அவளுக்கு நடுக்கம். விளக்கணைந்தால் மூச்சுத் திணறும், கைகால் விதிர்க்கும். அந்நாள் மீண்டும் நெருங்குந்தோறும் நோய் மிகுகின்றது. ஓராண்டுக்கு முன் மணிக்கட்டிற் குத்திக்கொண்ட பச்சையும் காரணமின்றி வலிக்கத் தொடங்குகின்றது. ஒருகால் அவள் உயிரை மாய்த்துக்கொள்ளவும் துணிகின்றாள். உயிர் பிழைத்துக் கால்கள் முறிந்தவளாய்ச் சக்கர நாற்காலியில் அமர்கின்றாள். இதன்பின் முகமூடி அணிந்த கொலைஞர் அம்மனையைச் சூழ்கின்றனர். படத்தைக் காணாதார் பொருட்டு முடிவை ஈண்டுச் சொல்லாது விடுகின்றேன்.

அச்சமூட்டும் படங்கள் தமிழிற் பல உண்டு. மனநோயைப் பொருளாகக் கொண்ட படங்களும் சில உண்டு. ஆயினும் அவற்றுள் மனநோயாளர் எத்தகையவராகக் காட்டப்பட்டனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1978இல் வந்த 'சிகப்பு ரோஜாக்கள்', 1980இல் வந்த 'மூடுபனி', 2001இல் வந்த 'ஆளவந்தான்' ஆகியவற்றில் அவர் கொலை செய்பவர். 2005இல் வந்த 'அந்நியன்' படத்திலும் அவ்வாறே. அதே ஆண்டில் வந்த 'சந்திரமுகி'யில் நோயாளியின் உள்ளத்தே இறந்துபோன நாட்டியப் பெண்ணொருத்தி குடிகொண்டதாகக் கதை செல்லும். ஆண்டு மருத்துவரும் உளர், மந்திரவாதியும் உளர். இருவரும் கைகோத்தே நோயைத் தீர்க்கின்றனர். இக்கதைக்கு மூலம் 1993இல் வந்த 'மணிச்சித்ரத்தாழ்' என்னும் மலையாளப் படமாகும். 2000ஆம் ஆண்டில் வந்த 'தெனாலி'யிலோ நோயாளி நகைப்பிற்கு உரியவர். கமலகாசன் ஏற்ற அவ்வேடத்தில் ஈழத்திலிருந்து வந்த ஒருவர் கண்டதற்கெல்லாம் அஞ்சுகின்றார். காண்போர் வயிறு குலுங்க நகைக்கின்றனர். போரின் கொடுமையிலேயே அவ்வச்சம் பிறந்தது என்பதைப் படமும் சொல்லத்தான் செய்கின்றது. எனினும் திரையரங்கை விட்டு வெளிவந்தவருள் அதனை நினைவிற் கொண்டவர் எத்துணையர்?

ஆக, மனநோயாளர் நம் திரையில் கொலைஞராகவோ, பேய் பிடித்தவராகவோ, கோமாளியாகவோ வந்தனர். நாம் அவரைக் கண்டு அஞ்சினோம், அன்றேல் நகைத்தோம். 'கேம் ஓவர்' இவ்வழக்கினின்றும் விலகிச் செல்கின்றது. இதிற் கொடியவர் வெளியே நிற்கின்றனர். நோயுற்றவள் உள்ளே அமர்ந்து அஞ்சுகின்றாள். காண்கின்ற நாம் அவள் அறையில், அவள் நாற்காலியின் அருகில், அவள் அஞ்சுவதற்கெல்லாம் உடன் அஞ்சி அமர்ந்திருக்கின்றோம். அவள் ஏன் அஞ்சுகின்றாள் என்று நகைப்பதற்கு நமக்கு இடமே இல்லை. இப்படத்தின் சிறப்பு இதுவென்பது என் கருத்து.

நிற்க. படத்தைக் கண்ட அன்றிரவு எனக்கு உறக்கம் வந்திலது. முகமூடி அணிந்த கொலைஞரை நினைந்தன்று. என் சிற்றன்னையாரை நினைந்து.

எங்கள் ஊர் தருமபுரிக்குத் தெற்கே, நல்லம்பள்ளியை அடுத்த ஒரு சிற்றூர். எங்கள் ஊரார் சேலம் செல்வதானால் தொப்பூர்க் கணவாயைக் கடந்தே செல்லல் வேண்டும். அக்கணவாயின் இறக்கத்தில் சரக்கேற்றி வரும் லாரிகள் தடை பிடியாது முன்செல்லும் ஊர்திகள்மேல் மோதுதலைச் செய்தித்தாள் படிப்போர் அறிவர். எனக்குப் பத்து வயது நிகழும்போது, ஒரு கார்த்திகை மாதத்தில், அத்தகைய மோதலொன்றில் என் சிற்றன்னையார் சென்ற பேருந்து சிக்கிற்று. சிற்சிலர் இறந்தனர். சித்திக்குத் தோள் எலும்பு முறிந்தது. எலும்பு மூன்று திங்களிற் கூடிற்று. ஆனால் அன்றுமுதல் அவர் பேருந்தில் ஏறுவதில்லை. தருமபுரிச் சந்தைக்கும் போவதில்லை. உறவினர் திருமணத்திற்கும் வருவதில்லை. பேருந்தின் ஒலிப்பான் தொலைவிற் கேட்டாலும் கைவேலையைப் போட்டுவிட்டு உள்ளே சென்றுவிடுவார். ஆண்டுதோறும் கார்த்திகை பிறந்தால் ஆறிப்போன தோள் மீண்டும் வலிக்கின்றது என்பார். மருந்துக்கடையில் தைலம் வாங்கித் தடவினோம். குளிர்கால வலியென்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

இதனைத் தீர்க்க எங்கள் வீட்டார் செய்யாததொன்றில்லை. பயந்த கோளாறு என்றனர் அண்டை வீட்டார். வேப்பிலை கொண்டு மந்திரிக்கும் கிழவி ஒருத்தி வந்து போனாள். கிறித்தவராகிய எங்களுக்கு அது தகாதென்று பாட்டனார் சினந்து, செபக்கூட்டம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். ஆண்டும் எண்ணெய் பூசி, அச்சத்தின் ஆவியே போ என்று உரக்கக் கூவி அனுப்பினர். கயிறும் எண்ணெயும் வேறு வேறாயினும் இருதிறத்தாரும் செய்தது ஒன்றே. சித்தியை ஒருவரும் ஒரு சொல்லும் கேட்டிலர். யானோ அவரினும் கொடியவனானேன். இரண்டாண்டுகட்கு முன் ஒருநாள், எல்லாரும் உண்டுகொண்டிருக்கையில், "கடவுளை நம்புகிறவர்கள் பேருந்துக்குப் பயப்படலாமா சித்தி?" என்று கேட்டேன். பிறர் சிரித்தனர். அவர் இலையை மடித்துவிட்டு எழுந்து சென்றார். அவ்விலையிற் பாதிச் சோறு இருந்தது இன்றும் என் கண்முன் நிற்கின்றது.

சுவப்னாவின் மணிக்கட்டு வலித்ததைத் திரையிற் கண்டபோதே சித்தியின் தோள்வலி எனக்கு விளங்கிற்று. துன்பம் நிகழ்ந்த நாள் மீளுங்கால் அத்துன்பமும் உடம்பில் மீளுதல் உண்டென்று படத்தில் வரும் மருத்துவர் சுவப்னாவுக்குக் கூறுகின்றார். இஃது இயக்குநரின் கற்பனையன்று. உளமருத்துவ நூலோர் கண்ட உண்மை. உள்ளம் மறக்க முயன்றதை உடம்பு நாட்காட்டி போலக் குறித்து வைத்துக்கொள்கின்றது. பெருந்துன்பத்தின் பின் எழும் இத்தகைய நோயை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980ஆம் ஆண்டில் தனியொரு நோயாகத் தன் கையேட்டிற் சேர்த்தது. ஆயினும் அதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே அதனைக் கண்டோர் உளர்.

அவருள் ஒருவர் நம் நாட்டோடு தொடர்புடையவர் என்பது பலர் அறியாதது. ரிவர்சு என்னும் ஆங்கில மருத்துவர் நீலகிரிக்கு வந்து தோதவரிடையே தங்கி ஆராய்ந்து, 1906இல் அவர்களைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். அவரே முதல் உலகப்போரின்போது இசுக்காத்துலாந்திலுள்ள கிரெய்க்லாக்கார்ட்டு மருத்துவமனையில், போர்க்களத்திலிருந்து நடுக்கத்தோடு மீண்ட படைத்தலைவர்கட்கு மருத்துவம் செய்தார். அந்நாளில் அத்தகையோரைக் கோழைகள் என்று பலர் இகழ்ந்தனர். கண்டதை மறந்துவிடு, வேறொன்றை நினை என்று அறிவுரை கூறுவதே வழக்கமாயிருந்தது. ரிவர்சு அவ்வழக்கம் தீங்கு பயப்பதென்றார். வலிந்து மறக்க முயலும் நினைவு இரவிற் கனவாக வந்து வருத்தும் என்றும், அதனைப் பகலில், நம்பத்தக்க ஒருவரிடத்தே, தாங்கத்தக்க அளவில் எடுத்துரைத்தலே தணிக்கும் வழியென்றும் கொண்டார். அயல்நாட்டார் வழக்கங்களைப் பொறுமையோடு கேட்டெழுதிய செவியே போர்வீரர் துயரையும் கேட்டது போலும்!

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றேன். ஒரு மாலைப்பொழுதில் சித்தி முற்றத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அருகில் அமர்ந்து, "சித்தி, அன்றைக்குப் பேருந்தில் என்ன நடந்தது?" என்று கேட்டேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். "ஒன்பது வருடத்தில் இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை கண்ணு" என்றார். பின்பு கூறினார். சன்னலோரம் அமர்ந்திருந்த அவர், முகத்தில் வெயில் அடிக்கின்றதென்று, பக்கத்திலிருந்த பெண்ணை இடம் மாறி அமரும்படி கேட்டுக்கொண்டாராம். அப்பெண்ணும் சிரித்துக்கொண்டே மாறி அமர்ந்தாளாம். கால் நாழிகைக்குள் லாரி வந்து மோதியது சன்னற் பக்கத்தில். அப்பெண் பிழைக்கவில்லை. "என் இடத்தில் அவள் போய்விட்டாள்" என்று சொல்லிச் சித்தி அழுதார். எங்கள் வீட்டார் ஒன்பதாண்டு பேருந்தைக் கண்டு அஞ்சும் பெண்ணென்று நினைத்திருந்தனர். அவ்விருளில் மறைந்திருந்ததோ வேறொன்று. ஆசிரியர் அன்று கூறிய சொல்லின் பொருள் எனக்கு அப்போது முழுதும் விளங்கிற்று.

இஃது இங்ஙனமாக, நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். சங்க அகப்பாட்டுகளில் வெறியாட்டு என்றொரு துறை உண்டு. காதல்நோயால் மெலிந்த மகளைக் கண்ட தாய், முருகன் அணங்கினான் என மயங்கி, வேலனை அழைத்து வெறியாட்டு அயர்விப்பாள். ஆடு அறுக்கப்படும், களம் அமைக்கப்படும், நோய் மட்டும் தீராது. ஏனெனில் நோயின் காரணம் வேறு. அது மகளுக்குத் தெரியும், தோழிக்கும் தெரியும். பின்பு தோழி உண்மையை உரியவாறு வெளிப்படுத்துவாள். இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயரிட்டனர் இலக்கணமுடையார். உண்மையைச் சொல்லுதலையே அறம் என்று பெயரிட்டு அழைத்த நுட்பம் வியக்கத்தக்கது. நம் தருமபுரியாகிய தகடூரில் அதியமான் அவைக்கண் வீற்றிருந்த ஔவையார் பாடிய குறுந்தொகைப் பாட்டொன்று இத்துறையைச் சார்ந்தது. குறி சொல்ல வந்த கட்டுவிச்சி பல மலைகளைப் பாடுகின்றாள். அவற்றுள் ஒரு மலையின் பாட்டை மட்டும் மீண்டும் பாடும்படி தோழி வேண்டுகின்றாள். அம்மலைக்குரியவனே நோய்க்குக் காரணமானவன் என்பதைத் தாய் அதனால் உய்த்துணர்வாள். தோழி கட்டுவிச்சியை இகழவில்லை. தாயோடு வழக்காடவும் இல்லை. கேட்கத்தக்க செவியில் உண்மை விழும்படி செய்தாள். நோயுற்றாரின் துணைவர் செய்யவேண்டுவது இதுவே.

'கேம் ஓவர்' படத்தில் தோழியின் இடத்தை நிரப்புபவர் இருவர். ஒருத்தி கலாம்மா. அவள் கற்றவளல்லள், உளநூல் அறியாதவள். ஆனால் விளக்கணைந்தால் ஓடி வருகின்றாள், உணவூட்டுகின்றாள், வைது திருத்தவும் செய்கின்றாள். மற்றவள் அமுதா. புற்றுநோயோடு பலகாற் போராடி மீண்ட இப்பெண் கொலையுண்டு இறந்தவள். இவள் சாம்பல் கலந்த மையே தவறுதலாகச் சுவப்னாவின் மணிக்கட்டிற் பச்சையாகக் குத்தப்பட்டது. இறந்தவளின் கதையைக் கேட்டபின், தன்போல் அஞ்சியும் தளராது நின்றாள் ஒருத்தி இருந்தாள் என்னும் நினைவு சுவப்னாவுக்குத் துணையாகின்றது. இது நம்பத்தக்கதோ என்று வினவுவார்க்கு, கதைக்குரிய உரிமை அதுவென்று விடையிறுப்பேன். துன்புற்றார்க்குத் துன்புற்றாரின் வரலாறே ஆறுதல் என்பது மட்டும் எவரும் மறுக்கவொண்ணாதது.

இனி, இப்படத்தின்கண் யான் கண்ட குறைகளையும் மறையாது கூறல் வேண்டும். மருத்துவர் சுவப்னாவின் கண்களிற் கருவியொன்றை மாட்டி, பொய்யாக அமைந்த இருளறையை அவளுக்குக் காட்டுகின்றார். அஞ்சுவதைச் சிறுகச் சிறுக அணுகிப் பழகுதல் என்பதே இம்மருத்துவத்தின் அடிப்படை. அது புதியதுமன்று. 1924ஆம் ஆண்டில் மேரி கவர் சோன்சு என்னும் அமெரிக்க அம்மையார், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்னும் குழவிக்கு இவ்வழியிலே அச்சந் தீர்த்தார். குழவி தனக்கு விருப்பமான உணவை உண்ணும்போது கூட்டிலடைத்த முயலைத் தொலைவில் வைத்தார். நாள்தோறும் சிறிது சிறிதாக அருகிற் கொணர்ந்தார். இறுதியில் குழவி முயலைத் தடவி விளையாடிற்று. 1958இல் தென்னாப்பிரிக்க மருத்துவராகிய வோல்பி இம்முறையை ஒழுங்குபடுத்தி ஒரு நூலாக்கினார். இவ்வளவு பயன்மிக்க முறையைப் படம் ஒருகால் முயன்று, அது பயன்படவில்லையென்று காட்டி அப்பாற் செல்கின்றது. மருத்துவம் பலகால் முயன்று பயில வேண்டியது. ஒருநாட் செய்து கைவிடுதற்குரியதன்று. காண்போர் மருத்துவரிடம் செல்வது வீணென்று எண்ணிவிடக்கூடாதே என்பது என் கவலை.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. சுவப்னாவின் அச்சம் பகைவரோடு நேர்நின்று போராடுவதில் தீர்கின்றது. திரைக்கதைக்கு அது சுவை தரும். வாழ்க்கையில் அஞ்சுவோர் பலர்க்குப் பகைவர் கண்முன் வருவதில்லை. வந்தது நினைவே. நினைவை வாளால் வெட்ட முடியாது. சித்தியின் பகைவர் யார்? தடை பிடியாத லாரியா? அடித்த வெயிலா? அவர் வெல்ல வேண்டுவது ஒருவரையுமன்று. பேருந்தில் ஏறி, அமர்ந்து, இறங்கி, மீண்டும் ஏறுதலே அவர் பெறும் வெற்றி. ஆட்டத்தில் தலைவிக்கு மூன்று உயிர்கள் அளிக்கப்படுவது போலக் கதையை அமைத்திருக்கின்றனர். தோற்றாலும் மறுபடி முயலலாம் என்பதே அதன் கருத்தாயின், அதனை மனமார வரவேற்கின்றேன்.

இத்தகைய மருத்துவமெல்லாம் செல்வர்க்கும் நகரத்தார்க்கும் உரியவையென்பார் சிலர். கடவுளை நம்புகிறவர்க்கு அது வேண்டாவென்பார் வேறு சிலர். முன்னவர்க்குக் கூறுவது இது: மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. 2022ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். பின்னவர்க்கு, அவருள் ஒருவனாயிருந்து பிழை செய்தவன் என்னும் முறையில், ஒன்று கூறுவேன். கல்லறைகளிடையே வாழ்ந்த ஒருவனைப் பற்றி மாற்கு எழுதிய சுவிசேடம் கூறுகின்றது. ஊரார் அவனைச் சங்கிலியாற் கட்டிப் பார்த்தனர். இயேசு பெருமானோ அவன் பெயரைக் கேட்டார். இறுதியில் அவன் ஆடையுடுத்து, தெளிந்த அறிவோடு அமர்ந்திருந்தான். தன் வீட்டாரிடத்தே திரும்பவும் அனுப்பப்பட்டான். இக்கதையை ஆவி ஓட்டுதற்குச் சான்றாகக் காட்டுவோர், பெயர் கேட்டதையும் வீட்டுக்கு அனுப்பியதையும் மறந்துவிடுகின்றனர்.

சங்கிலி நமக்குத் தொலைவிலுள்ள பொருளன்று. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகையொன்று தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாது 28 பேர் உயிரிழந்தனர். மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியாற் பிணித்தல் கூடாதென்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விலக்கியது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மனவழுத்தத்திற்கு ஆளானவராகக் கொண்டு பேணவேண்டுமென்பதும் அச்சட்டத்தின் கருத்தே. இதற்கு நேர்மாறான நற்காட்சியொன்றையும் நம் நாட்டிலே காணலாம். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளரோடு அவர்தம் வீட்டாரும் உடன் தங்கிப் பேணுதலை மருத்துவத்தின் பகுதியாகவே கொண்டனர். நம்பிக்கையும் மருத்துவமும் பகையல்லவென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அச்சத்தின் நான்காவது நிலைக்களமாக ஆள்வோரைத் தொல்காப்பியனார் வைத்தார் என்று முன்னர்க் கூறினேன். எம் மாவட்டத்தார் அதனையும் அறிவர். அரூரை அடுத்த வாச்சாத்தியில், 1992ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள், சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர். பழங்குடிப் பெண்கள் பதினெண்மர் வன்கொடுமைக்கு ஆளாயினர். ஊரார் மலைகளில் ஒளிந்து திரிந்தனர். காக்க வேண்டியவரே அச்சத்தின் வடிவாக வந்தால், யாரிடம் சென்று முறையிடுவது? ஆயினும் அவர்கள் வாய்மூடிக் கிடந்திலர். நீதிமன்றத்தில் நின்று நிகழ்ந்ததைச் சொன்னார்கள். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் அன்று உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னீராண்டு கழித்து, 2023ஆம் ஆண்டு அதே நாளில், சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அப்பெண்மணிகள் உள்ளத்தே பட்டது யாதென்று அளந்து கூற யான் யார்? கேட்கும் செவியொன்று கிடைக்கும்வரை சொல்லியதைத் திரும்பத் திரும்பச் சொல்லிய அவர்தம் உறுதியை அறத்தொடு நிற்றல் என்னாது வேறென்னென்பது?

நண்பர்காள்! நம் விடுதிகளிலும் அஞ்சுவோர் உளர். தேர்வுக்கு முன்னாள் உண்ணாது கிடப்போர், விளக்கை அணைக்க விடாதோர், மாடிப்படியருகே நின்று தயங்குவோர் ஆகியோரை நாம் பார்த்திருக்கின்றோம். பட்டப்பெயரும் சூட்டியிருக்கின்றோம். அச்சமே கூடாதென்று நம் அறநூல்கள் சொல்லவில்லை; அஞ்சவேண்டியதை அஞ்சுவது அறிவென்பதே வள்ளுவர் கருத்து. ஆதலின் அஞ்சுகின்றவரைக் கண்டால் முதலில் நகையை அடக்குவோமாக. பின்பு, யாது நிகழ்ந்தது என்று கேட்போமாக. கேட்டபின் அறிவுரை கூற விரையாது அமர்ந்திருப்போமாக. நம் ஆற்றலுக்கு மிஞ்சியதென்று தோன்றினால் மருத்துவரிடத்தே அழைத்துச் செல்வோமாக. அவரைத் தனியே அனுப்பாது உடன் செல்வோமாக.

சித்தியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் மருந்து சிறிதும் பயிற்சி பெரிதுமாகக் கொடுத்தார். முதல் வாரம், பேருந்து நிலையத்தில் நிற்கும் பேருந்தில் ஏறி அமர்ந்து இறங்கினார். அடுத்து, ஒரு நிறுத்தம் மட்டும் சென்றார். ஒருநாள் பாதிவழியில் இறங்கி அழுதுகொண்டே நடந்து திரும்பினார். மறுவாரம் மீண்டும் ஏறினார். இப்போது தருமபுரிச் சந்தைக்குத் தனியே சென்று வருகின்றார். பென்னாகரத்தில் ஒரு திருமணத்திற்கும் சென்று வந்தார். தொப்பூரை இன்னும் கடக்கவில்லை. வரும் விடுமுறையில் சேலத்திற்குச் செல்ல வேண்டுமென்றும், யான் உடன்வர வேண்டுமென்றும் கூறியிருக்கின்றார். சன்னலோர இருக்கையில் தாமே அமர்வாராம்.

— தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன்